துண்டுக்குள் முடிந்த பேரம்

ட்ரேயை விட்டு எழுந்த கதை

ஆபரேஷன் தியேட்டரில் என் இடம் ஆயுதங்கள் அடுக்கிய ட்ரேக்குப் பக்கத்தில். சேலத்தில் நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் அதை எல்லாரும் ஒப்புக்கொண்டிருந்தார்கள். டாக்டர் கையை நீட்டினால், எது வேண்டும் என்று அவர் வாயைத் திறப்பதற்குள் அது அவர் உள்ளங்கையில் இருக்கும். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. தலைக்கனம் இல்லாத தியேட்டர் நர்ஸை நான் இன்றுவரை பார்த்ததில்லை. அப்படி ஒருத்தி இருந்தால் அவள் ட்ரேயில் கத்தரிக்கோல் குறையும்.

அப்படிப்பட்ட என்னை ஒரு நாள் டாக்டர் கூப்பிட்டார்.

"எஸ்தர், அடுத்த வாரம் தலை ஆபரேஷன் ஒண்ணு இருக்கு. அதுக்கு ட்ரேயை மேரிகிட்ட கொடுத்துடு. நீ துணிக்கு அடியில உட்கார்ந்து பேஷண்ட் கையைப் பிடிச்சுக்கணும்."

எனக்குச் சுருக்கென்றது. மேரி எனக்கு ஜூனியர். நல்ல பெண்தான், ஆனால் அது வேறு விஷயம்.

"கையைப் பிடிக்க ஆயா போதாதா டாக்டர்?"

"ஆயாவுக்கு மாட்டு வியாபாரம் தெரியாதே."

"எனக்கு மட்டும் தெரியுமா?"

"தெரியாது. ஒரு வாரம் இருக்கு, கத்துக்கோ" என்று சொல்லிவிட்டு, பெரிய ஹாஸ்யம் சொன்னவர் போல் சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

இரண்டாவது உலக யுத்தம் ஆரம்பிப்பதற்குச் சற்று முன்னால் நடந்தது இது. இன்றைக்கு நர்ஸிங் படிக்கிற பிள்ளைகளுக்கு அந்தக் காலத்தை நினைத்துப் பார்ப்பதே கஷ்டம். தலைக்குள் என்ன இருக்கிறது என்று படம் பிடித்துக் காட்டும் ஸ்கேன் எதுவும் கிடையாது. மூளைக்கென்று தனி டாக்டர் எங்கள் பக்கத்தில் கிடையாது. எலும்பைக் காட்டுகிற ஒரு எக்ஸ்ரே மெஷின், டாக்டரின் இரண்டு கைகள், அவர் படித்த புத்தகங்கள், இவ்வளவுதான் எங்கள் கையிருப்பு.

கை பொய் சொல்லுதுங்க

நோயாளியின் பெயர் காளியண்ணன். நாமகிரிப்பேட்டைப் பக்கத்துக்காரர். தொழில் மாட்டுத் தரகு. நல்ல உயரம், அதற்கு மேல் ஒரு பெரிய தலைப்பாகை. அவுட் பேஷண்ட் அறைக்குள் வந்ததும் வலது கையைத் தூக்கி டாக்டரின் மேஜைமேல் வைத்தார். திருடனைப் பிடித்து வந்து ஸ்டேஷனில் ஒப்படைக்கிறவரின் தோரணை அதில் இருந்தது.

"ஏனுங்க டாக்டரு, இந்தக் கை பொய் சொல்லுதுங்க."

டாக்டர் மெட்ராஸில் பிறந்து வளர்ந்தவர். கை பேசும் என்பதே அவருக்குப் புதுச் செய்தி. காளியண்ணனின் மனைவி பாவாயி பின்னால் நின்றுகொண்டிருந்தாள். "அவருக்கு வெளங்கறாப்பல சொல்லுங்க. சந்தைக்கா போயிருக்கறாரு அவரு?" என்று கணவனை அதட்டினாள்.

பிறகுதான் முறை விளங்கிற்று. மாட்டுச் சந்தையில் விலையை வாய்விட்டுப் பேசுவதில்லை. சுற்றிலும் ஆட்கள் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார்கள். அதனால் விற்கிறவர் கையும் தரகர் கையும் ஒரு துண்டுக்கு அடியில் போய்விடும். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, இரண்டைப் பிடித்தால் இரண்டு, கை முழுவதையும் பிடித்தால் ஐந்து. விரலின் நடுக்கணுவை அழுத்தினால் அரை. விரலுக்குப் பத்தா நூறா என்பதை மாடே சொல்லிவிடும். சம்மதம் என்றால் பிடித்ததை விடாமல் இறுக்கிக் குலுக்க வேண்டும். குலுக்கிவிட்டால் முடிந்தது. அதற்கப்புறம் சொந்த அண்ணன் தம்பியானாலும் பேச்சு மாறக் கூடாது.

"போன மாசம் கெங்கவல்லிக்காரரு ஒருத்தரு சோடிக் காளை புடிச்சாந்திருந்தாருங்க" என்றார் காளியண்ணன். "நா வாங்கற ஆளுக்காவப் பேசறேன். அவரு மூணுங்கறாரு, நா ரெண்டுலயே நிக்கறேன். அந்நேரம் பாத்து இந்தக் கை வெடுக்கு வெடுக்குன்னு இழுத்துக்கிச்சுங்க. அவரு கைய முச்சூடும் போயிக் கவ்விப் புடிச்சுப்போடுச்சு. அதோட உட்டுதா? இறுக்கிக் குலுக்கியும் போட்டுது. அவரு அஞ்சுக்கு முடிஞ்சுதுன்னு துண்ட எடுத்து ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டாரு!"

நான் சிரித்துவிட்டேன். மூன்று கேட்டவர் ஐந்து கிடைத்தபோது முகத்தை எப்படி வைத்துக்கொண்டிருப்பார் என்று நினைத்ததும் அடக்க முடியவில்லை.

பாவாயி என்னைப் பார்த்தாள். "சிரிங்க நர்சம்மா. எனக்கும் மொதல்ல சிரிப்புத்தான் வந்துச்சு. பொறவு ரெண்டாந்தரமும் அதேயாட்டம் ஆச்சுங்க. இப்பச் சந்தைல என்ன பேசறாங்க தெரியுமுங்களா? விக்கறவங்ககிட்டத் தனியா வாங்கித் தின்னுபோட்டு, இவரு வேணும்னே வெலைய ஏத்தி உடறாராமா. ஒருத்தரும் இவருகிட்டக் கை குடுக்கறதில்லீங்க."

கடைசி வார்த்தையில் அவள் குரல் தேய்ந்தது. என் சிரிப்பு நின்றுவிட்டது. பாடுகிறவருக்குத் தொண்டை போனால் ஊரே அனுதாபப்படும். இவருடைய கை அவரைத் திருடனாக்கிவிட்டது. அது வியாதி என்று சந்தையில் யாருக்குத் தெரியும்?

"இடது கையால பேசினா என்ன?" என்று கேட்டார் டாக்டர்.

புருஷனும் பெண்சாதியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சபையில் சொல்லக் கூடாததை டாக்டர் சொல்லிவிட்டார் என்பது அந்தப் பார்வையிலேயே தெரிந்தது.

"இடக்கைலீங்களா?" என்றார் காளியண்ணன், மெல்ல. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

டாக்டர் அவரைத் தலைப்பாகையைக் கழற்றச் சொன்னார். இடது பக்கம் காதுக்கு மேலே வளைவாக ஒரு பழைய தழும்பு. இளவட்டமாக இருந்தபோது லாடம் கட்டும் இடத்தில் காளை உதைத்து, கல்தொட்டியில் விழுந்து மண்டை உள்ளே அமுங்கிவிட்டதாம். இதே ஆஸ்பத்திரியில் அன்றைக்கு இருந்த வெள்ளைக்கார டாக்டர் தலையைத் திறந்து எலும்பைத் தூக்கிவிட்டுத் தைத்து, பிழைக்க வைத்திருக்கிறார்.

தழும்பின் நடுவில் டாக்டர் விரலை வைத்தார். அங்கே சிறு மேடு. அழுத்தினால் கொஞ்சம் அமுங்கிற்று.

"இது எப்போதிருந்து?"

"அதுங்களா? அது தலப்பாக் கட்டிக் கட்டிக் காச்சுப்போனதுங்க. நொகத்தடி பட்ட எடம் மாட்டுக்குக் காச்சுப்போறதில்லீங்களா, அதாட்டந்தான்."

வருஷக்கணக்காக அவர் அப்படித்தான் நினைத்திருக்கிறார். மேடு பெரிதாகப் பெரிதாகத் தலைப்பாகையைத் தளர்த்திக் கட்டிக்கொண்டிருக்கிறார். மாட்டின் பல்லைப் பார்த்து வயதைச் சொல்லிவிடுகிறவர். தன் தலைக்கு மட்டும் அவரே சொல்லிக்கொண்ட வைத்தியம் அது.

மூன்று விரல்

எக்ஸ்ரே படத்தை டாக்டர் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். பழைய ஆபரேஷனில் எலும்பு போன இடம் கரடுமுரடாக இருக்க வேண்டும். இதில் வட்டமாக, பெரிதாக, ஓரத்தில் பென்சிலால் வெள்ளைக்கோடு இழுத்த மாதிரி ஒரு பள்ளம் இருந்தது. உள்ளே ஏதோ ஒன்று அவசரமே இல்லாமல் வளர்ந்து எலும்பைத் தேய்த்திருக்கிறது.

டாக்டரின் காது மடல் சிவந்துவிட்டது. அவருக்குச் சந்தோஷமும் பயமும் சேர்ந்து வந்தால் அப்படித்தான் ஆகும்.

"எஸ்தர், இதைப் பத்திப் படிச்சிருக்கேன். பார்த்ததில்லை. பார்க்காமலே ரிட்டயர் ஆகிறவங்கதான் அதிகம்."

காளியண்ணனையும் பாவாயியையும் உட்காரவைத்து அவர் விளக்கினார். முதல் ஆபரேஷனில் தெரியாமல் ஒரு பொட்டுத் தோல் எலும்புக்கு அடியில் மாட்டிக்கொண்டிருக்கும். அது யார் தப்பும் இல்லை. அந்த டாக்டர் உயிரைக் காப்பாற்றுகிற அவசரத்தில் இருந்தார். ஆனால் தோலுக்கு ஒரே ஒரு வேலைதான் தெரியும். பழசை உதிர்க்கும், புதுசாக வளரும். வெளியே இருந்தால் உதிர்ந்தது குளிக்கும்போது போய்விடும். உள்ளே உதிர்ந்தால் எங்கே போகும்? அங்கேயே சேர்ந்து சேர்ந்து கட்டியாகிவிட்டது.

"கெட்ட கட்டி இல்லை. உடம்பு பூராப் பரவாது" என்றார் டாக்டர். "கட்டி நல்லதுதான். அது உட்கார்ந்திருக்கிற இடம் கெட்ட இடம். வலது கையை ஆட்டி வைக்கிற மூளைப்பகுதிக்கு நேர் மேல இருக்கு. அது அழுத்தும்போதுதான் கை இழுக்குது."

"எடுக்காம உட்டா?" என்றாள் பாவாயி.

"இழுப்பு கையோட நிக்காது. உடம்பு முழுக்க வரும். கையும் கொஞ்சம் கொஞ்சமாச் செத்துப்போகும்."

"எடுத்தா?"

டாக்டர் எக்ஸ்ரே படத்தை மறுபடி ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார். காளியண்ணன் தோளிலிருந்த துண்டை எடுத்தார்.

"டாக்டரு, உசிரு நின்னா நிக்குது, போனாப் போவுது. அத உங்ககிட்டக் கேக்கலீங்க. கை நிக்குமா? அதச் சொல்லுங்க. வாய்ல வேண்டாம், வாய்ல எல்லாரும் நல்லதாத்தான் சொல்லுவாங்க. இதுக்குள்ள சொல்லுங்க. அஞ்சுக்கு எத்தினி?"

டாக்டர் ஒரு கணம் திகைத்தார். பிறகு கோட்டுக் கையை மடித்துவிட்டுக்கொண்டு துண்டுக்கு அடியில் கையை நீட்டினார். நானும் பாவாயியும் இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தோம். காளியண்ணன் புருவத்தை உயர்த்தினார். டாக்டர் தலையை ஆட்டினார். மறுபடி துணிக்குள் ஏதோ அசைந்தது. டாக்டர் மறுபடியும் தலையை ஆட்டினார்.

காளியண்ணன் துண்டை எடுத்து உதறினார். "மூணுங்கறாரு" என்று மனைவியிடம் சொன்னார். "நாலுக்கு இழுத்துப் பாத்தேன், ஏறமாட்டேங்கறாரு. எனக்குப் பிரியமா இருக்கட்டும்னு ஏத்திச் சொல்லியிருந்தாருன்னா எந்திரிச்சு ஊட்டுக்குப் போயிருப்பேன். நெசத்தச் சொல்ற ஆளு. இவருகிட்டயே தலையக் குடுக்கலாம்."

அன்று மாலை டாக்டர் என்னைக் கூப்பிட்டுத்தான் ட்ரேயைப் பிடுங்கினார். யோசனை அந்தத் துண்டிலிருந்து வந்ததுதான். குளோரோஃபார்ம் கொடுத்துத் தூங்கவைத்துவிட்டால் கை இருக்கிறதா போகிறதா என்று ஆபரேஷன் முடிந்த பிறகுதான் தெரியும். தலைத்தோலை மட்டும் நோவகெய்ன் ஊசியால் மரக்கவைத்துவிட்டு, ஆளை விழித்தபடியே வைத்திருந்தால், கை போகப் போகிறது என்பதைக் கையே முன்கூட்டிச் சொல்லும். ஆனால் "கையை ஆட்டு, கையை ஆட்டு" என்று சொல்லிக்கொண்டே இருந்தால் எந்த நோயாளியும் அலுத்துப்போவான். பேரம் பேசினால்? தரகருக்குப் பேரத்தில் அலுப்பு உண்டா?

வார்டில் பாடம்

அந்த வாரம் முழுவதும் வார்டு எங்களுக்குச் சந்தை ஆகிவிட்டது. ட்யூட்டி முடிந்ததும் நான் காளியண்ணன் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்காருவேன். துண்டு விழும். பாடம் நடக்கும்.

நான் ஒரு மோசமான மாணவி. பேரம் பேசும்போது என் முகம் எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்பது அவருடைய முதல் புகார்.

"நர்சம்மா, கை பேசறப்ப மொகம் ஊமையா இருக்கோணும். நீங்க ரெண்டரைக்கு ஆசப்படறது அக்கட்ட மூலைல படுத்திருக்கற கால் ஒடஞ்ச ஆளுக்குக் கூடத் தெரிஞ்சுபோச்சு."

மூலைக் கட்டிலில் காலைத் தூக்கிக் கட்டியபடி படுத்திருந்த அந்த ஆள், "ஆமாங்க நர்சம்மா, மூணு வரைக்கும் போவலாம்" என்று அங்கிருந்தே ஆலோசனை சொன்னான்.

இன்னொரு சங்கடமும் இருந்தது. ஒரு ஆண்பிள்ளையின் கையை வார்டு நடுவில் துணிபோட்டு மூடிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது எனக்கே கூச்சமாக இருந்தது. பாவாயி என்ன நினைப்பாளோ என்று பயந்தேன். அவளோ கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டே, "கண்ணாலம் ஆயி இத்தன வருசத்துல நா இவரு கைய இவ்வளவு நேரம் புடிச்சதில்லீங்க நர்சம்மா. இனிமேட்டு எனக்கும் வேணும்னாத் துண்டு போட்டுக்கோணுமாட்ட இருக்குது" என்றாள். வார்டே சிரித்தது. காளியண்ணனுக்கு வெட்கம் தாங்கவில்லை. போர்வையை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு என் கூச்சம் போய்விட்டது.

சிரிப்புக்கு நடுவில் நான் ஒன்றைக் கவனித்தேன். அவர் என் விரலைப் பிடிக்கும் பலம் நாளுக்கு நாள் குறைந்துகொண்டிருந்தது. சுண்டுவிரல் சில நேரம் சொன்னபடி கேட்கவில்லை. அதை நான் டாக்டரிடம் மட்டும் சொன்னேன். காளியண்ணனுக்கும் அது தெரிந்துதான் இருந்தது என்று நினைக்கிறேன். ஆனாலும் பாடம் சொல்லிக்கொடுப்பதை அவர் ஒரு நாளும் நிறுத்தவில்லை.

செவலைப் பசு

ஆபரேஷன் அன்று காலை அவரை மேஜையில் மல்லாக்கப் படுக்கவைத்து, மழித்த தலையை வலது பக்கம் திருப்பி, வலது கையைத் தனிப் பலகையில் நீட்டி வைத்தோம். மேலே தியேட்டர் துணி விரித்தார்கள். நான் அதற்கு அடியில் ஸ்டூலில் உட்கார்ந்தேன். அவர் முகம் எனக்குத் தெரிந்தது. அவர் கை என் கையில். டாக்டரின் செருப்பையும் மேரியின் செருப்பையும் தவிர வேறு எதையும் பார்க்க வழியில்லை. மேலே ட்ரேயில் ஆயுதங்கள் சத்தமிடும்போதெல்லாம் என் காது தானாக அங்கே போயிற்று.

ஊசிகள் போட்டாயிற்று. "வலிக்குதா?" என்றார் டாக்டர்.

"எறும்பு கடிச்சாப்பல இருந்துச்சுங்க. இப்ப அதுவும் இல்லீங்க. நர்சம்மா, துணி நீங்களே போட்டுட்டீங்களாட்ட இருக்குது. ஆரம்பிக்கலாமுங்களா?"

"என்ன மாடு?" என்று கேட்டேன்.

"பசுவுங்க. செவலை. ரெண்டாம் ஈத்து. நெத்தில வெள்ளச் சுட்டி. சின்னக் கொழந்த மடில கை வெச்சாக் கூட நகராது. நம்ம ஊட்டுல வளந்ததுதான், தெகிரியமா வாங்கலாம்." சொல்லிவிட்டு என் கை முழுவதையும் பிடித்தார். ஐந்து.

நான் முகத்தை ஊமையாக்கிக்கொண்டு ஒரு விரலைப் பிடித்து நடுக்கணுவையும் அழுத்தினேன். ஒன்றரை.

"அநியாயமுங்க" என்றார், மிகுந்த திருப்தியோடு.

மேலே எலும்பின் ஓரத்தைக் கடித்து எடுக்கும் சத்தம் கேட்டது. தியேட்டரில் எத்தனையோ சத்தம் கேட்டுப் பழகியவள் நான்; இருந்தாலும் அந்தத் தலைக்குச் சொந்தக்காரர் கண்ணை விழித்துக்கொண்டு எதிரில் இருக்கும்போது அது வேறு மாதிரி இருந்தது.

"ஆரோ கரும்பு கடிக்கறாங்களாட்ட இருக்குதுங்க" என்றார் காளியண்ணன்.

துணிக்கு மேலே டாக்டர் சிரிப்பது கேட்டது. பிறகு சட்டென்று சிரிப்பு நின்று, "மேரி... இங்க பாரு" என்றார். குரலில் குழந்தைக் குதூகலம். நான் துணிக்கு அடியில் இருந்தேன்! அப்படிப்பட்ட ஒன்றை முதல்முதலாக மேரி பார்த்தாள், நான் பார்க்கவில்லை. இதை எழுதும்போதுகூட எனக்குக் கொஞ்சம் எரிகிறது.

கட்டியின் உள்ளே இருந்தது மெழுகுபோல வந்துவிட்டது. கஷ்டம் அதன் தோலில். அதை முழுவதும் உரித்து எடுக்காவிட்டால் மறுபடி வளரும். ஆனால் அது மூளையை மூடியிருக்கும் உறையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. டாக்டர் உரிக்க ஆரம்பித்தார். நாங்கள் பேரத்தைத் தொடர்ந்தோம். அவர் நான்குக்கு இறங்கியிருந்தார். நான் இரண்டுக்கு ஏறியிருந்தேன்.

அவர் என் நான்கு விரல்களைப் பிடித்திருந்தார். ஒரு விரல் நழுவியது. இறங்குகிறார் என்று நினைத்தேன். இன்னொன்று நழுவியது. அவர் முகத்தைப் பார்த்தேன். அதில் பேரம் இல்லை.

"டாக்டர், விலை எறங்குது!"

"எத்தனை?"

"மூணு... ரெண்டு... டாக்டர், நிறுத்துங்க, கை விட்டுடுச்சு!"

மேலே எல்லாம் அப்படியே நின்றது. டாக்டரின் செருப்பு அரை அடி பின்னால் நகர்ந்தது.

"காளியண்ணன், கேட்குதா?"

"கேக்குதுங்க." நாக்கு சரியாகவே பேசிற்று. "டாக்டரு, என்ற கை எங்க இருக்குதுன்னு தெரியலீங்க."

என் உள்ளங்கையில் அது கிடந்தது. சூடாக, கனமாக, யாருடையதோ போல. எனக்கு அழுகை வந்துவிட்டது. அதை மறைக்கவில்லை, மறைக்கவும் தெரியவில்லை. ஐந்துக்கு மூன்று என்று டாக்டர் சொன்னாரே, கை போய்விடும் என்கிற மிச்சம் இரண்டு இதுதானா என்று நினைத்தேன்.

டாக்டர் பதறவில்லை. உப்புத்தண்ணீரில் நனைத்த பஞ்சை அந்த இடத்தில் வைத்தார். "இழுத்தது போதும். இந்தப் பக்கத்துல இருந்து தொடமாட்டேன். கொஞ்சம் ஆறட்டும். அப்புறம் அந்தப் பக்கமா வரேன். எஸ்தர், நீ பேசிக்கிட்டே இரு" என்றார்.

என்ன பேசுவது? என் இரண்டு விரல்களை அவர் உள்ளங்கைக்குள் வைத்தேன்.

"காளியண்ணே, ரெண்டு சொல்றேன். ரெண்டுக்கு மேல ஒரு காசு ஏறமாட்டேன். வேண்டாம்னா சொல்லிடுங்க, நான் வேற மாடு பார்க்கிறேன்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். மேலே மறுபடி வேலை நடந்தது, மிக மெதுவாக. நான் அதே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். செவலை நல்ல நிறம்தான், ஆனால் இரண்டுதான். சுட்டி அழகுதான், ஆனால் இரண்டுதான். பசு சாதுவாக இருந்தால் எனக்கென்ன, இரண்டுதான்.

"வந்துடுச்சு" என்றார் டாக்டர். கடைசித் துண்டும் வெளியே வந்து கிண்ணத்தில் விழுந்தது.

நான் கிண்ணத்தை நினைக்கவில்லை. என் உள்ளங்கையில் ஏதோ அசைந்ததோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டைவிரல். பிறகு ஆள்காட்டி விரல். தூக்கத்தில் தடவுவதுபோல் வந்து என் இரண்டு விரல்களைத் தேடின. பிடித்தன. இறுக்கின. இறுக்கியபடியே ஒரு குலுக்குக் குலுக்கின.

"டாக்டர், பிடிச்சுட்டார்!" என்று கத்தினேன். தியேட்டரில் நான் கத்தியது அன்று ஒரு நாள்தான்.

"ஸ்பாஞ்ச் கணக்குச் சரி" என்றாள் மேரி மேலிருந்து. ஆபரேஷன் முழுவதும் அவள் ஒரு ஆயுதத்தையும் மாற்றிக் கொடுக்கவில்லையாம். அதுவும் எனக்கு ஒரு வருத்தம்தான்.

எடுத்ததைக் காளியண்ணன் இரண்டு நாள் கழித்துப் பார்க்க ஆசைப்பட்டார். ஸ்பிரிட் பாட்டிலில் காட்டினேன். வெள்ளையாக, முத்துபோல் மினுக்கத்தோடு இருந்தது. அதற்கு இங்கிலீஷ் புத்தகத்தில் முத்துக்கட்டி என்றே பெயர் என்று டாக்டர் சொன்னார்.

காளியண்ணன் பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பொறந்த கன்னுக்குட்டி கொளம்பாட்டம் இருக்குதுங்க. இதா என்னயக் களவாணியாக்குச்சு?" என்றார். பிறகு அதைப் பார்த்துச் சிரித்தார்.

மேஜையில் பேசியது

சுண்டுவிரல் சரியாக வர நாளாயிற்று. டாக்டர் மாத்திரை எழுதிக்கொடுத்து, இழுப்பு வந்தால் உடனே வரச் சொல்லி அனுப்பிவைத்தார். இழுப்பு வரவில்லை, அவரும் வரவில்லை. வேலை மும்முரத்தில் நான்கூடக் கொஞ்சம் மறந்துவிட்டேன்.

மழைக்காலம் முடிந்து ஒரு நாள் காவல்காரன் தியேட்டர் வாசலுக்கே ஓடி வந்தான். "நர்சம்மா, உங்களுக்கு மாடு வந்திருக்குது" என்றான். அவன் குடித்திருக்கிறான் என்றுதான் முதலில் நினைத்தேன்.

வெளியே போனால் காளியண்ணன் புதுத் தலைப்பாகையோடு நிற்கிறார். பக்கத்தில் பாவாயி. கயிற்றில் ஒரு செவலைப் பசு, நெற்றியில் வெள்ளைச் சுட்டி, காலடியில் கன்று.

"ரெண்டு வெரலுங்க நர்சம்மா. இருவது ரூவா" என்றார்.

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. "காளியண்ணே, அது கையைச் சோதிக்கிறதுக்காகப் பேசினது. விளையாட்டு. நான் மாட்டை வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவேன்?"

அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. "துண்டுக்குள்ள வெளையாட்டு இல்லீங்க. நானு திரும்பச் சந்தைக்குப் போனனுங்க. எல்லாரும் எட்டி எட்டி நின்னாங்க. அந்தக் கெங்கவல்லிக்காரருதான் கிட்ட வந்து துண்டப் போட்டாரு. 'உன்ற கை அன்னிக்குச் சீக்கா இருந்துச்சுன்னு கேள்விப்பட்டேன், இப்பப் பேசு பாக்கலாம்'னாரு. பேசினேன். முடிஞ்சுது. அதுலருந்து எல்லாரும் கை குடுக்கறாங்க. இப்ப நீங்களே வந்து, உங்ககிட்டக் குலுக்கின கை சும்மா குலுக்குச்சுன்னு சொல்லிப்போட்டா, அது மறுக்காப் பொய் சொன்னதாட்ட ஆயிராதுங்களா?"

சத்தம் கேட்டு டாக்டர் வெளியே வந்தார். நான் அவரிடம் முறையிட்டேன். அவர் பசுவைச் சுற்றி ஒரு நடை நடந்து, ஏதோ தெரிந்தவர்போல் அதன் முதுகைத் தட்டினார்.

"எஸ்தர், பேரம் நடந்தப்போ நான் பக்கத்துலதான் இருந்தேன். நீதான் ரெண்டு, ரெண்டுன்னு கத்தினே. தியேட்டர் முழுக்கச் சாட்சி. மரியாதையா வாங்கிக்கோ."

போய்ப் பணத்தை எடுத்து வந்தேன். காளியண்ணன் அதை வலது கையில் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கயிற்றை என் கையில் கொடுத்தார். எனக்கு ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி இருந்தது.

"நாலு கேட்டுக்கிட்டிருந்தீங்களே, எதுக்கு ரெண்டுக்கு முடிச்சீங்க? இந்தப் பசு நிச்சயம் நாலு பெறும்."

"அஞ்சு பெறுமுங்க" என்றாள் பாவாயி இடையில்.

காளியண்ணன் தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தார்.

"அன்னிக்குக் கை எங்கியோ போயிருச்சுங்க. இருட்டுக்குள்ள தேடறாப்பலத் தேடிக்கிட்டே இருந்தனுங்க. மொதமொதல்லத் தட்டுப்பட்டது உங்க ரெண்டு வெரலுங்க. அதுக்கு மேல வெல கேக்க எனக்கு மனசு வருல்லீங்க."

அந்தப் பசுவுக்கு முத்து என்று பெயர் வைத்தோம். நர்ஸ் குவார்ட்டர்ஸில் எல்லாருக்கும் அதன் பால்தான், மேரிக்கும் உண்டு. எனக்குக் கீழே வேலை பழக வந்த பெண்களுக்கு நான் எத்தனையோ ஆயுதங்களின் பெயரைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஆனால் முதல் நாளில் எப்போதும் ஒன்றைத்தான் சொல்வேன். நோயாளியின் கையைப் பிடித்தால் அதைச் சின்ன வேலை என்று நினைக்காதே; நீ அங்கே என்ன சொல்கிறாயோ அதை அவர் வாக்காக எடுத்துக்கொள்வார். அவர்கள் தலையாட்டிவிட்டுப் போவார்கள். பால் காபி குடிக்கும்போதுதான் மீதிக் கதையைக் கேட்பார்கள்.